பலனைத் துறப்பவர் பலனை ஆராயலாமா?

ஊர்நலம் கருதிச் செய்யப்படும் பணியின் பலனை அளந்து பார்ப்பது அறத்துக்கு உகந்ததா என்னும் கேள்வி, அரசுத் திட்டங்களும் தொண்டு நிறுவனங்களும் தோன்றிய பின்னர் எழுந்ததன்று. செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை உண்டு, பலனில் இல்லை என்று பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறுவதை அடியொற்றி வாழும் ஒருவர், அன்னதானத்தையோ இலவசப் பாடசாலையையோ நடத்தும்போது, அதனால் என்ன விளைந்தது என்று கணக்கெடுப்பதை வணிகப் புத்தி என ஒதுக்கக்கூடும். பிறருடைய வரிப்பணத்தையும் நன்கொடையையும் செலவிட்டுவிட்டு விளைவைக் காட்டாதிருப்பது நம்பிக்கைத் துரோகம் என்று மதிப்பீட்டாளர் வாதிடக்கூடும். இருவரும் ஒரே பலனைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதை ஆராயாமல் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அவ்வாறு ஆராய்வதற்கு விருதுநகர் மாவட்டத்தின் திருத்தங்கலைப் போல் பொருத்தமான ஊர் அரிது. நின்ற நாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இத்திவ்விய தேசம், 2021இல் சிவகாசி மாநகராட்சியின் பகுதியாயிற்று. தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் இந்நிலப்பகுதியில்தான் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என்னும் மாபெரும் சமூகத் திட்டம் நாட்டிலேயே முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று அமைந்தது.

திட்டமிடுவோர் இன்று கையாளும் கருவிகளுள் முதன்மையானது லாஜிக் மாடல் எனப்படும் காரணத் தொடர்ச் சட்டகம். அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி நிறுவனம் 1969இல் தன் உதவித் திட்டங்களை மதிப்பிடுவதற்காக வகுத்துக்கொண்ட அமைப்பிலிருந்து இது வளர்ந்து, பின்னர் உலகெங்கும் தொண்டு நிறுவனங்களிடையே பரவியது. ஒரு திட்டத்துக்காகப் போடப்படும் பணம், ஆள், இடம் முதலியவை இடுபொருள்கள். அவற்றைக் கொண்டு செய்யப்படுபவை செயல்பாடுகள். நடத்திய வகுப்பு, சேர்ந்த மாணவர் என உடனடியாக எண்ணத்தக்கவை வெளியீடுகள். அவ்வெளியீடுகளால் மனிதர் வாழ்வில் நேரும் மாற்றம் விளைவு. பல்லாண்டுகள் கழித்து ஊரின் நிலையே மாறுவது நெடுங்காலப் பயன். இவை ஒரு தாளில் இடமிருந்து வலமாக அம்புக்குறிகளால் இணைக்கப்படும். ஒவ்வோர் அம்புக்குறிக்குப் பின்னும், இது நடந்தால் அது நடக்கும் என்ற நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கும். அந்நம்பிக்கைகளை எடுகோள்கள் என்பர். கட்டங்களை நிரப்புவது எளிது. எடுகோள்களை வெளிப்படையாக எழுதிவைப்பதே கடினம் என்பதும், பெரும்பாலான திட்டங்கள் அங்கேதான் தோற்கின்றன என்பதும் இக்கருவியைக் கையாண்டவர்கள் நன்கறிந்தவை.

இச்சிந்தனை மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று ஒதுக்குவது திருக்குறளைப் படித்தவர்க்கு ஆகாது. தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தின் முதற்குறள், ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எது, ஆவது எது, ஆனது பின்னர்த் தரும் ஊதியம் எது என்ற மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. செலவையும் உடனடி ஆக்கத்தையும் கூறியதோடு நில்லாமல், அவ்வாக்கத்தின் வழியே பின்னால் வருவதையும் தனியே பிரித்துக் காட்டியதில்தான் வள்ளுவரின் நுட்பம் இருக்கிறது. பெறுபவரின் இயல்பை அறியாமல் செய்தால் நன்மை செய்வதிலும் தவறு நேரும் என்று அதே அதிகாரம் எச்சரிக்கவும் செய்கிறது. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று கருதுவோர்க்கு இதைவிடக் கடுமையான மறுப்பு வேறில்லை. இவ்வதிகாரம் அரசியலில் வைக்கப்பட்டிருப்பதால் அரசர்க்கு மட்டுமே உரியது என்று கொள்வது பொருந்தாது. பிறர் வாழ்வில் கைவைக்கும் எவரும் அந்த அளவுக்கு அரசரே.

இவ்வெச்சரிக்கையை விளக்கும் கதை ஒன்று திருத்தங்கலுக்கு உண்டு. அவ்வூரின் பழைய பெயர் தங்கால். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரையை எரித்த கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் பாண்டியரின் செங்கோன்மையை விளக்குவதற்காகச் சொல்லும் கதை இவ்வூரில் நிகழ்கிறது. சேர வேந்தனிடம் பெரும்பரிசில் பெற்றுத் திரும்பும் பராசரன் என்னும் அந்தணன் தங்காலில் ஓர் அரசமரத்தடி மன்றத்தில் தங்கி, அங்கு விளையாடும் சிறுவர்களைப் பார்த்துத் தன்னோடு ஒப்ப மறை ஓதுபவர் தன் பொருள்மூட்டையைக் கொள்ளலாம் என்கிறான். வார்த்திகன் என்பவனின் மகன், மழலை மாறாத வாயினனாயினும், ஓசை பிறழாது ஓதிப் பரிசைப் பெறுகிறான். பராசரன் மகிழ்ந்து தன் ஊருக்குப் போய்விடுகிறான். அதன்பின் நடந்தது அவனுக்குத் தெரியாது. அந்த எளிய குடும்பம் நகை அணிந்து திரிவதைப் பொறாத அரசனின் ஏவலர், புதையலை எடுத்து மறைத்துக்கொண்டான் என்று பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையில் அடைக்கின்றனர். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது.

கொடுத்தவனின் உள்ளம் தூயது, பெற்றவன் தகுதி உடையவன், கொடுத்த பொருளும் நேரிய வழியில் வந்தது. இருந்தும் கொடையின் முடிவு சிறையாக இருந்தது. பராசரனைக் குற்றவாளி என்று எந்த அறநூலும் சொல்லாது. ஆயினும் அவன் கொடை முழுமையானதா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. அவன் அறியாமல் வைத்திருந்த எடுகோள், கொடுக்கப்பட்ட பொருளைப் பெற்றவன் நிம்மதியாக வைத்துக்கொள்ள அந்த ஊரின் ஆட்சிமுறை இடந்தரும் என்பது. இக்கதையில் மதிப்பீட்டாளரின் இடத்தில் நிற்பவன் பாண்டிய மன்னன். கோயிற் கதவு திறக்கவில்லை என்ற செய்தியைக் கேட்டு அவன் அஞ்சுகிறான், காரணத்தை விசாரிக்கிறான், வார்த்திகனிடம் தன் ஆட்சியின் பிழையைப் பொறுக்குமாறு வேண்டுகிறான், தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்குகிறான். அதோடு அவன் நிற்கவில்லை. சிறைகளைத் திறந்துவிடவும், கொடையாக வந்ததாயினும் புதையலாகக் கிடைத்ததாயினும் பொருள் பெற்றவனுக்கே உரியது என்று அறிவிக்கவும் ஆணையிடுகிறான். ஒருவனுக்கு இழைத்த தீங்கைத் தீர்ப்பது வேறு, அத்தீங்கை விளைத்த விதியையே மாற்றுவது வேறு என்பதை இளங்கோவடிகள் அவ்வளவு தெளிவாக வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார்.

இதே பார்வையோடு இக்காலத்துக்கு வருவோம். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் வேரூன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுவந்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. மழை பொய்த்த கரிசல் நிலத்தில் அத்தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதை மறுத்துவிட்டு எந்த ஆய்வும் நேர்மையாக நடைபெறாது. ஆனால் காடி வெட்டிய கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் வேலைக்கும், பெட்டி ஒட்டுவதற்கும், பட்டாசுக்குக் குழாய் உருட்டுவதற்கும், சரம் பின்னுவதற்கும் சிறு விரல்கள் தேடப்பட்டன. விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று சிறுமிகளை ஏற்றிவந்த காட்சியை உலகம் அறிந்தது 1980களில். சலம் பென்னூர்கர் இயக்கிய குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்னும் ஆவணப்படம் 1990இல் அதைத் திரையில் பதிந்தது.

அரசின் மறுமொழி மூன்று வழிகளில் வந்தது: 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1987இல் தேசியக் கொள்கை, 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். கடைசியாகச் சொன்ன திட்டத்தைச் சட்டகத்தில் இட்டுப் பார்த்தால் அதன் வடிவம் துலங்கும். மத்திய அரசின் நிதியும், மாவட்ட ஆட்சியரின் தலைமையில் அமைந்த சங்கமும் இடுபொருள்கள். கணக்கெடுப்பு, சிறப்புப் பள்ளி, மதிய உணவு, உடல்நலப் பரிசோதனை, நெடுங்காலம் மாதம் 100 ரூபாயாக இருந்த உதவித்தொகை ஆகியவை செயல்பாடுகள். சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை வெளியீடு. அவர்கள் வழக்கமான பள்ளிக்குச் சென்று நிலைப்பது விளைவு. அடுத்த தலைமுறையில் எந்தப் பிள்ளையும் ஆலைக்குப் போகாதிருப்பது நெடுங்காலப் பயன். எடுகோள்களோ எங்கும் எழுதப்படாமல் இருந்தன: வறுமையே பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறது, சிறு தொகை கூலியை ஈடுசெய்யும், ஆலையை விட்டு வெளியேறிய பிள்ளை வேலையை விட்டே வெளியேறியதாகும். முதலாவது எடுகோளை மைரன் வீனர் என்னும் அமெரிக்க அரசியல் அறிஞர் 1991இல் வெளியிட்ட நூலில் நேரடியாக எதிர்த்தார். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமில்லை என்று ஆள்வோரும் படித்தோரும் மனத்துள் நம்பியதே வறுமையைவிடப் பெரிய காரணம் என்பது அவர் முடிவு. ஏழைகளைப் பற்றிக் கொள்ளப்படும் எடுகோள்கள் பல, திட்டமிடுவோரின் மனப்போக்கைப் பற்றியவையாகவே முடிகின்றன என்ற உண்மையை அந்நூல் நேர்மையோடு சுட்டியது.

இரண்டாவது எடுகோளைத் தாளிலேயே சோதித்திருக்கலாம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றும், அதன் வட்டி குடும்பத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மனிதநேயத்தில் அத்தீர்ப்புக்கு இணையான தீர்ப்புகள் சிலவே. ஆயினும் 25,000 ரூபாய்க்குப் பத்து விழுக்காடு வட்டி கிடைத்தாலும் மாதத்துக்கு 208 ரூபாய்தான் வரும். அது வீட்டுக்கு வரும் ஒரு கூலியின் இடத்தை நிரப்புமா என்று கேட்டிருந்தால், பெரியவருக்கு வேலை தரும் பகுதியே தீர்ப்பின் உயிர்நாடி என்பதும், பணம் அதற்கு மாற்றாகாது என்பதும் தெளிவாகியிருக்கும்.

மூன்றாவது எடுகோளை உடைத்தது சட்டமே. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, குடும்பத்தினரின் துணையோடு நடத்தப்படும் தொழிற்கூடத்துக்கு விலக்கு அளித்தது. வெட்டிய அட்டையை மடித்துப் பசை தடவி ஒட்டி, காயவைத்து, கூடையில் அடுக்கும் பெட்டி ஒட்டுதல், திண்ணையிலும் கூடத்திலும் நடக்கும் வேலை. ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, இவ்வளவு என்று கூலி கணக்கிடப்படும். தாய் ஒட்ட, பள்ளியிலிருந்து வந்த மகள் மடித்துக் கொடுத்தால் குரோஸ் விரைவில் நிறையும். ஆலை வாசலில் நின்று எண்ணும் ஆய்வாளரின் பதிவேட்டில் அந்தச் சிறுமி ஒருபோதும் இடம்பெறமாட்டாள். அவள் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருப்பாள், அதுவும் வெற்றியின் சான்றாக. எங்கே நின்று எண்ணுகிறோம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியமானது என்பதை இந்த ஒரு காட்சியே நிறுவும்.

இவ்வளவு குறைகள் இருந்தும், 1980களில் இருந்த நிலைமை இன்று இல்லை. ஆலைகளில் பிள்ளைகளைப் பெருமளவில் அமர்த்தும் வழக்கம் ஒழிந்தது. இம்மாற்றத்தை நிகழ்த்தியது எது என்பதுதான் மதிப்பீட்டின் மிகக் கடினமான கேள்வி. சிறப்புப் பள்ளிகளா, ஆய்வாளர்களின் கெடுபிடியா, 1956இல் காமராசர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவா, தீப்பெட்டித் தொழிலில் புகுந்த எந்திரங்களா, வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்று சுருங்கிய குடும்பங்களா, பெண்களின் சுயஉதவிக் குழுக்களா? ஒவ்வொரு துறையும் தன் அறிக்கையில் முழு மாற்றத்தையும் தன் சாதனையாகவே எழுதிக்கொண்டது. இவ்விடத்தில்தான் சமயச் சிந்தனை மதிப்பீட்டியலுக்கு மிகப் பெரிய உதவியைச் செய்ய முடிகிறது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு உரை கண்ட இராமானுசர், செயலைத் துறப்பதைத் துறவாகக் கொள்ளவில்லை. செயலைச் செய்துகொண்டே மூன்றை விடுவதே துறவு என்கிறார். செய்பவன் தானே என்ற எண்ணத்தை விடுவது கர்த்ருத்வத் தியாகம். இச்செயல் என்னுடையது என்ற உரிமையை விடுவது மமதைத் தியாகம். இதன் பயன் எனக்கு என்பதை விடுவது பலத் தியாகம். மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, பலனைத் திரும்பியும் பாராமல் இருப்பதே பக்குவம் என்று பலர் கருதுவது பெரும்பிழை. தனக்கு வேண்டாம் என்று விடப்பட்ட பயன், யாருக்காகச் செயல் செய்யப்பட்டதோ அவரைச் சென்று சேர்ந்ததா என்று பார்க்காமல் இருந்தால், அது துறவாகாது, அக்கறையின்மையாகும். பெருமாளுக்குத் தளிகை சமைக்கும் பரிசாரகர் தமக்குப் பலன் வேண்டாதவரே. அதற்காக உப்பு அளவாக இடப்பட்டதா என்று கவனியாமல் நைவேத்தியத்துக்கு அனுப்புவது கைங்கர்யம் ஆகாது. கீதையும் பதினேழாம் அத்தியாயத்தில் தானத்தை இடம், காலம், பெறுபவர் என்ற மூன்றாலும் சீர்தூக்குகிறது. இவற்றைப் பாராது கொடுப்பதைத் தாமசம் என்று கீழே தள்ளுகிறது.

முதல் தியாகம் இன்னும் ஆழமானது. உள்ளபடி மதிப்பிடுவதற்குத் தடையாக நிற்பது புள்ளிவிவரக் குறைபாடு என்பதைவிட, இதைச் செய்தவர் நாங்களே என்ற பற்று என்பதே சரி. அப்பற்று இருக்கும் வரை, நல்ல விளைவுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்பதை மனம் ஏற்காது; தீய விளைவு தெரிந்தாலும் கண் அதைக் காணாது. தன்னைக் கருவியாக மட்டும் கருதும் தொண்டரால்தான், தாம் இருபது ஆண்டுகள் நடத்திய பள்ளியைவிட மதியச் சோறே பிள்ளைகளை ஆலையிலிருந்து மீட்டது என்ற முடிவை மனம் கலங்காமல் ஏற்க முடியும். ஆகவே பலனை ஆராய்வது பலப்பற்று என்ற குற்றச்சாட்டு தலைகீழானது: பற்றற்றவர் மட்டுமே பலனை உள்ளவாறு ஆராயத் தகுந்தவர்.

பலனை ஆராய்வதற்கு எல்லையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சட்டகத்தைத் தெய்வமாக்குவதாகும். வள்ளலார் 1867இல் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையில் பசித்தவருக்குச் சோறிடுவது வேறொன்றை அடைவதற்கான வழியன்று. பசி தீர்வதே முடிந்த பயன். பள்ளி வருகை உயர்கிறது என்பதற்காக மட்டும் மதிய உணவை நியாயப்படுத்துபவர், வருகை உயராவிட்டால் உணவை நிறுத்தலாம் என்று தம்மையறியாமலே ஒப்புக்கொள்கிறார். சில கட்டங்களுக்கு வலப்புறம் அம்புக்குறி தேவையில்லை. டொனால்டு கேம்பெல் என்னும் உளவியலறிஞர் 1970களில் எச்சரித்தவாறு, முடிவுகள் எந்த எண்ணைச் சார்ந்து எடுக்கப்படுகின்றனவோ அந்த எண்ணே திரிக்கப்படும் ஆபத்தும் உண்டு. சேர்க்கையை மட்டும் கேட்டால் சேர்க்கை மட்டும் வரும்.

இப்பகுதியின் பழைய அறமுறைகளுள் ஒன்று இவ்விரு ஆபத்துகளையும் எளிதாகத் தவிர்த்தது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் வணிகர்கள் மகமை என்ற பெயரில் பொதுநலத்துக்குச் செலுத்திய பங்கும் ஆதாரமாயின. காமராசர் அங்குதான் படித்தார். கொடுத்தவர் தெருவிலேயே படித்த பிள்ளையும் இருந்ததால், விளைவைப் பார்க்க அறிக்கை வேண்டியிருக்கவில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத பெரிய திட்டங்களுக்குத்தான் சட்டகம் இன்றியமையாததாகிறது.

இன்றைய பட்டாசு ஆலை விபத்துகளுக்கும் இதே ஆராய்ச்சி பொருந்தும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றபாடில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் பாதுகாப்புப் பயிற்சி வலியுறுத்தப்படுகிறது. பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை வெளியிடப்படுகிறது. தொழிலாளர் அறியாமையால்தான் விபத்து நேர்கிறது என்பது அதன் எடுகோள். மருந்துக் கலவை உராய்வில் வெடிக்கும் என்பதும், அனுமதித்த அளவுக்கு மேல் ஓர் அறையில் ஆள் இருக்கக்கூடாது என்பதும் அங்கு வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியாதவையல்ல. செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பத் தரப்படும் பீஸ் ரேட் கூலியும், தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியும், உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும் அவளை அந்த அறையில் நிறுத்துகின்றன. காரணம் கூலிமுறையில் இருக்க மருந்தை வகுப்பறையில் தேடும் திட்டம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு நடந்தாலும் உயிர்களைக் காக்காது. பயிற்சி முடிந்த இரண்டாம் மாதத்தில், முன்னறிவிப்பின்றி, அறைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே அத்திட்டத்தின் முதல் உண்மையான அளவையாக இருக்கும்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021இல் சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனிவாழ்வை முடித்துக்கொண்டது. அது தொடங்கியபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள்; அவர்களுள் பலர் திருத்தங்கலிலும் சிவகாசியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழ்கிறார்கள். எது தங்களை ஆலையிலிருந்து மீட்டது, எது மீட்கவில்லை, தம் பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. மாவட்ட நிர்வாகமும் இப்பகுதிக் கல்லூரிகளும் அவர்களிடம் சென்று கேட்டு, அவர்கள் சொல்வதை, திட்டத்துக்குப் பெருமை தருவதாயினும் சிறுமை தருவதாயினும், அப்படியே பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறை முதுமை எய்துமுன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.